தண்ணியாய்ப் போன ஒயில்

கராஜில் வேலை பழகும் தம்பிமாருக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஐயா, இந்தக் காருக்கு நாற்பதா, ஐம்பதா?" என்று இனி ஒருவரும் என்னை மறித்துக் கேட்கவேண்டாம். ஓய்வு பெற்ற மனிதன் நிம்மதியாக மீன் வாங்கப் போக முடியவில்லை. சந்தை வாசலில் வைத்துக் கேட்கிறீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், நான் பாயாசத்தில் கை வைத்த நேரம் பார்த்துக் கேட்கிறீர்கள். போன மாதம் ஒரு செத்த வீட்டிலும் ஒருவர் கேட்டார். ஒயில் தகரத்து இலக்கத்தைத் தெரிந்துகொண்டால் மெக்கானிக் ஆகிவிடலாம் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. இப்போது தகரத்தில் ஒன்றுக்கு இரண்டு இலக்கம் அச்சடித்து விற்கிறார்கள். அதனால் எனக்கு வரும் கேள்வியும் இரட்டிப்பாகிவிட்டது.

இலக்கம் என்பது ஒயிலின் தடிப்பு. சின்ன இலக்கம் என்றால் ஒயில் இளக்கமாக ஓடும். பெரிய இலக்கம் என்றால் தடிப்பாக ஓடும். அவ்வளவுதான் விஷயம். பெரிய இலக்கம் பெரிய உத்தியோகத்தர் அல்ல, அதைக் கண்டு எழுந்து நிற்பதற்கு. இதை விளங்கிக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். இதை நன்றாக விளங்கிக்கொண்ட பிறகுதான் நான் ஒரு மனிதரின் காரைச் சாகடித்தேன். காரோடு போயிருந்தால் பரவாயில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

யுத்தகாலம். யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டுவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம். பயத்தில் ஊரை விட்டு ஓடிய சனத்தில் பாதிப்பேர் திரும்பி வந்திருந்தார்கள். உள்துறைமுகத்துக்குப் போகும் வீதியில் எங்கள் கராஜ். காலையில் இருந்து பின்னேரம் வரை பட்டாளத்து லொறிகள் வரிசையில் நிற்கும். எங்கள் ஆட்களின் கார்களுக்கு மிஞ்சிய நேரம்தான். எனக்கு இருபத்தெட்டு வயது, அங்கே நான்தான் தலைமை மெக்கானிக். கை கெட்டிக்காரக் கைதான், பொய் சொல்லக்கூடாது. வாய் அதைவிடக் கெட்டிக்கார வாய். நான் ஏசத் தொடங்கினால் எதிர்க்கடைத் தேத்தண்ணிக்காரர் வாசலுக்கு வந்து நின்று கேட்பார்.

அந்தக் காலத்தில் உதிரிப் பாகம் என்று ஒன்று கிடையாது. கப்பலில் குண்டு வந்தது, தகரத்தில் அடைத்த இறைச்சி வந்தது. சின்னக் காருக்குப் பெயாரிங் வரவில்லை. எஞ்சினுக்குள் தண்டு சுழலும் இடத்தில் இருக்கிற அந்தப் பெயாரிங் உருகிவிட்டால், யுத்தம் முடியும்வரை கார் கோழி அடையத்தான் உதவும். பெயாரிங்கைக் காப்பாற்றுவது ஒயில். ஆகவே எந்த ஒயில் ஊற்றுவது என்ற முடிவு அப்போது விளையாட்டு அல்ல.

காசிம் காக்கா குடாவுக்கு அப்பால் இருக்கிற கிண்ணியாவில் இருந்து வருவார். ஐம்பதை நெருங்கிய மனிதர். நான் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்பேன்; அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சின்ன இங்கிலாந்துக் கார் ஒன்றை வைத்து வாடகைக்கு ஓடினார். அந்தக் கரையில் நோயாளியை ஏற்றுவதென்றாலும் மாப்பிள்ளையை ஏற்றுவதென்றாலும் அந்தக் கார்தான். பங்கீட்டுப் பெற்றோல் எடுக்கப் பட்டினத்துக்கு வரும் நாளில் முதலில் பெற்றோலை அடித்துக்கொண்டு, அதன் பிறகு எங்கள் கராஜுக்கு வருவார். இந்த ஒழுங்கை நான் கவனித்தேன். கவனித்து ஒரு பயனும் இல்லாமல் இருந்தேன்.

ஒரு நாள் வந்து சொன்னார்: "தம்பி, ஒயில் தண்ணியாப் போச்சு."

எனக்கு அது போதுமாக இருந்தது. ஒயிலுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, எஞ்சின் மேல்மூடிக்குக் கீழே தண்ணீரையும் ஒயிலையும் பிரித்து வைக்கிற கஸ்கற் தகடு போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மூடியைக் கழற்றினேன். ஒன்றரை நாள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் கஸ்கற்றில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத கஸ்கற்றைக் கழற்றும்போது நான்தான் ஒரு ஓரத்தைக் கிழித்தேன். புதியது கிடையாது. ஒட்டுப்போட்டுத் திரும்பப் பூட்ட இன்னும் அரை நாள் போனது.

"தண்ணி எண்டு சொன்னீங்களே காக்கா, எங்க தண்ணி? காட்டுங்கோ பாப்பம்!"

"தண்ணி எண்டு நான் சொல்லல்லயே தம்பி. தண்ணியா இரிக்கி எண்டுதானே சொன்னன்."

கராஜ் முழுக்கச் சிரித்தது. நம்முடைய தமிழைப் பாருங்கள். குழம்பு இளகிப்போனாலும் தண்ணி, குழம்புக்குள் தண்ணீர் விட்டாலும் தண்ணி. அவர் சொன்னது ஒயில் இளகிவிட்டது என்று. நான் எடுத்துக்கொண்டது ஒயிலில் தண்ணீர் என்று. "எந்தத் தண்ணி காக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சம். கேட்கவில்லை. கேட்காத வெட்கத்தை மறைக்க அவரைப் பிடித்து ஏசினேன். கதைப்பதென்றால் விளங்குகிற மாதிரிக் கதைக்கவேண்டும், இல்லாவிட்டால் காரைத் தந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகவேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையை ஆட்டினார்.

பிறகு ஒயிலைப் பார்த்தேன். உண்மையிலேயே இளகித்தான் போயிருந்தது. முப்பது ஊற்றி ஓடிய கார் அது. நாற்பது ஊற்றினேன். இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். நாற்பதும் இளகிவிட்டது.

"என்னத்தை ஊத்தினனீங்கள்?"

"நீங்க தந்த ஒயில்தான் தம்பி."

"வேற ஒண்டும் ஊத்தேல்லையா?"

"ஒயிலுக்குள்ள ஒண்டும் ஊத்தல்ல."

அவர் சொன்னது முழு உண்மை. ஒயிலுக்குள் அவர் ஒன்றும் ஊற்றவில்லைத்தான்.

அளவு பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் ஒரு சொட்டும் குறையவில்லை. கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. "பாத்தீங்களா காக்கா, உங்கட எஞ்சின் ஒயில் குடிக்கேல்லை, நல்ல எஞ்சின்" என்று புகழ்ந்தேன். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்த பழைய எஞ்சின் ஒயிலைக் குடித்தே தீரும். அதில் அளவு குறையவில்லை என்றால் வேறெதுவோ உள்ளே இறங்கி அந்த அளவை நிரப்புகிறது. இது உங்களில் நேற்று வந்தவருக்கும் விளங்கும். தலைமை மெக்கானிக்குக்கு விளங்கவில்லை. மணந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். ஆனால் எங்கள் கராஜில் எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெயில்தான் கழுவுவோம். என் கை, என் உடுப்பு, நான் சாப்பிடும் சோறு, எல்லாம் மண்ணெண்ணெய் மணம். அந்த மூக்கை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது?

நாற்பதும் தோற்றதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. பட்டாளத்தின் பாரமேற்றும் லொறிகளுக்கு என்று வந்த ஐம்பது இலக்க ஒயிலில் இரண்டு தகரம் என்னிடம் இருந்தது. ஒன்றை உடைத்து ஊற்றினேன். சீனிப்பாணி மாதிரி இறங்கியது. "இனித் தண்ணியாகட்டும் பாப்பம்" என்று காசிம் காக்காவுக்குச் சவால் விட்டேன். ஒயில் இளகுகிறது என்றால் ஏன் இளகுகிறது என்று கேட்கவேண்டும். நான் இளகுவதற்கு இடம் வைத்து இன்னும் தடிப்பான ஒயிலை ஊற்றினேன். உங்களில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று கிழமை சத்தமில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் ஆள் அனுப்பினார். எஞ்சினுக்குள் தட்டுகிறது, காரைக் கொண்டுவரப் பயமாக இருக்கிறது, தம்பி ஒருதரம் வந்து பார்க்கவேண்டும், மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது என்று செய்தி.

மகளின் கதை எனக்குத் தெரியும். முதல் பிள்ளை வீட்டிலேயே செத்துப் பிறந்தது. தாயும் மயிரிழையில்தான் தப்பினாள். அடுத்த பிள்ளைக்கு நோவு தொடங்கியதும் தாமதிக்காமல் பட்டினத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் சாவிகளையும் மிச்சமிருந்த ஒரு தகரம் ஐம்பது இலக்க ஒயிலையும் தூக்கிக்கொண்டு சீனன்குடா வரை ஒரு லொறியில் தொற்றிப் போய், அங்கிருந்து கிண்ணியாத் துறைக்குப் போனேன். பாலம் இல்லாத காலம். காரையும் மாட்டுவண்டியையும் ஏற்றி இழுத்துக்கொண்டு போகும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அந்தப் பாதை அக்கரையில் நின்றது. அது வந்து ஏற்றிப் போய்ச் சேர்வதற்குள் பின்னேரமாகிவிட்டது.

கார் வீட்டு முற்றத்தில் ஓலைக் கொட்டிலுக்குக் கீழே நின்றது. ஸ்ராட் பண்ணச் சொல்லி, திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தேன். தட்டியது. பெயாரிங் ஆடத் தொடங்கிவிட்டது. கழற்றினால் இரண்டு நாள் கார் இல்லை, மாற்ற ஒன்றும் இல்லை. உள்ளே அந்தப் பிள்ளை இருக்கிறாள், எந்த நேரமும் நோவு வரலாம்.

"காருக்கு ஏலாது எண்டா சொல்லுங்க தம்பி," என்றார் காசிம் காக்கா. "என்ட மச்சினன்ட வள்ளம் இரிக்கி. இப்பவே ஏத்திக் குடாவால கொண்டு போயிரலாம். காத்தும் சரியா இரிக்கி."

பொறுங்கோ என்று சொல்லிவிட்டுப் பழைய ஒயிலை ஒரு சட்டிக்குள் இறக்கினேன். ஐம்பது ஊற்றியது மறுபடியும் இளகி ஓடியது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. புதுத் தகரத்தை உடைக்கப் போகும் நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு ஏற்றினார்கள். இந்த வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து காசிம் காக்காவின் மனைவியின் குரல் வந்தது.

"தம்பி, அந்தத் தகரத்தில இரிக்கிறது விளக்கில ஊத்தினா எரியுமா?"

"எரியாது அக்கா, இது எஞ்சின் ஒயில். ஏன் கேக்கிறீங்கள்?"

"ஒண்டரை மாசமா இந்த ஊட்டில விளக்கில்ல. கிடைக்கிற மண்ணெண்ணெய் எல்லாத்தையும் இந்தக் காரல்லவா குடிக்கிது."

"நீ சும்மா இரி," என்றார் காசிம் காக்கா.

நான் சட்டிக்குள் விரலை விட்டு மூக்கில் வைத்தேன். அது கராஜ் இல்லை. கடற்காற்று வீசுகிற முற்றம். மண்ணெண்ணெய் விளக்கின் மணம் அடித்தது. ஒரு துணியை நனைத்து நெருப்புக்குச்சி கிழித்தேன். குபீரென்று பிடித்து எரிந்தது. எஞ்சின் ஒயில் அப்படிப் பிடிக்காது. பெற்றோலுக்குள் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருக்கிறார். முதலில் பெற்றோல் அடித்துவிட்டுக் கராஜுக்கு வந்ததும் தாங்கியில் அது தெரியாமல் இருக்கத்தான். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் தேய்ந்த வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்திருக்கிறது. முப்பது, நாற்பது, ஐம்பது என்று நான் எதை ஊற்றினாலும் அது தண்ணியாகத்தான் போயிருக்கும்.

வாயில் வந்ததை எல்லாம் சொல்லி ஏசினேன். உள்ளே மாதம் நிறைந்த பிள்ளை இருக்கிறாள் என்றும் பார்க்கவில்லை. "ஏன் எனக்குச் சொல்லேல்லை? எத்தினை தரம் கேட்டனான், என்னத்தை ஊத்தினனீங்கள் எண்டு!"

"அது கேள்வியா தம்பி? அது ஏச்சு."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். மண்ணெண்ணெய் கலந்து ஓடுவது தெரிந்தால் பெற்றோல் கூப்பனை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். நாளெல்லாம் பட்டாளத்தோடு பழகுகிற நான் போய்ச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். பிறகு கொட்டிலின் மூலையில் சாக்கை விலக்கிக் காட்டினார். நான்கு போத்தல் பெற்றோல். மகளின் பயணத்துக்கு என்று மிச்சம் பிடித்தது. வாடகை ஓட்டத்துக்கு மண்ணெண்ணெய் கலந்ததே இந்த நான்கு போத்தலைச் சேர்க்கத்தான்.

நான் கோபம் ஆறாமலே கேட்டேன்: "எவ்வளவு கலந்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"பாதி தம்பி. பாதிக்குப் பாதி."

கணக்குப் போட்டேன். ஒன்றரை மாதம் பாதிக்குப் பாதி என்றால் பெயாரிங் தேய்ந்திருக்கும், ஆனால் ஒரு பயணத்தைத் தாங்கும். சுத்தமான பெற்றோலில், புது ஒயிலில், மெதுவாக ஓட்டினால் தாங்கும். இனி எந்த ஒயில்? அதே ஐம்பதுதான். கராஜில் வைத்து ஊற்றிய ஐம்பது மடத்தனம். காரணம் தெரிந்து, ஆடுகிற பெயாரிங்குக்கு மெத்தையாக ஊற்றுகிற ஐம்பது சரி. தகரமும் இலக்கமும் ஒன்றுதான் தம்பிமாரே, இதற்கு மேல் இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊற்றினேன். சத்தம் பாதியாக அடங்கியது.

"வள்ளம் வேண்டாம்," என்று நான் சொன்னேன். "கார் போகும்."

அன்றைக்கு அங்கேயே தங்கினேன். விடிந்து, சுபஹுத் தொழுகை முடிந்ததும் நோவு தொடங்கியது. காசிம் காக்கா ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். பின்னால் தாயும் மகளும். பாதை இந்தமுறை எங்கள் பக்கம் நின்றது. சீனன்குடாவைத் தாண்டும்வரை எஞ்சின் ஒழுங்காகத்தான் போனது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. பட்டினத்துக்கு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், இருக்கும்போது தட்டல் கூடியது. "மெதுவாப் போங்கோ, மெதுவா" என்றேன். மெதுவாகப் போனோம். ஒரு இரும்பு உரசும் சத்தம், பிறகு ஒரு உதறல், கார் நின்றது. இறங்கி, முன்பக்கத்தில் ஸ்ராட் பண்ணும் கைபிடியைப் போட்டுச் சுழற்றினேன். அசையவில்லை. எஞ்சின் இறுகிவிட்டது.

பின்னால் அந்தப் பிள்ளை கத்தினாள். நான் எத்தனையோ நெருக்கடி பார்த்திருக்கிறேன். சைரன் ஊதும்போது லொறிக்குக் கீழே படுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். அந்த வீதியில், கையில் சாவியோடு, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் நின்றதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. முதல்நாள் பின்னேரம் வள்ளத்தில் ஏற்றியிருந்தால் அவள் இந்நேரம் ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்திருப்பாள். வேண்டாம் என்று சொன்னது நான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றிப்போன ஒரு லொறியைக் குறுக்கே விழுந்து மறித்தேன். றைவர் தெரிந்தவர், நிலாவெளிப் பொடியன். மூட்டைகளைத் தள்ளி இடம் எடுத்து, தாயையும் மகளையும் காசிம் காக்காவையும் ஏற்றி அனுப்பினேன். எனக்கு இடமில்லை. காரோடு நின்றுவிட்டேன்.

வெயில் ஏறியது. வீதி ஓரத்தில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் எங்கே பிழைத்தேன் என்று விளங்கவில்லை. பாதிக்குப் பாதி என்றால் தாங்கியிருக்கவேண்டும். கார் போய்விட்டது, அது யுத்தம் முடியும்வரை ஓடப்போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்த நேரம் காரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் காசிம் காக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று மட்டும்தான் இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு தூரத்தில் அவர் நடந்து வருவது தெரிந்தது. மூன்று கட்டையையும் வெயிலில் நடந்தே வந்திருந்தார். நான் எழுந்து ஓடினேன்.

"ஆம்பிளப் புள்ள தம்பி," என்றார். "தாயும் புள்ளயும் சுகம். அல்ஹம்துலில்லாஹ்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒண்டு சொல்லோணும். ஏசப்படாது."

"சொல்லுங்கோ காக்கா."

"பாதி எண்டு சொன்னது பொய். முக்காப் பங்கு மண்ணெண்ணெய். நேத்து நீங்க போட்ட சத்தத்தில வாய் வரல்ல."

முக்கால் பங்கு என்று முதல்நாள் பின்னேரம் சொல்லியிருந்தால், காரைத் தொடாமல் அந்தப் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றியிருப்பேன். சொந்த மகளின் உயிர் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், அதைவிட என் வாய்க்குப் பயந்திருக்கிறார்.

"கிட்ட வாங்கோ காக்கா," என்றேன். "நான் ஏசமாட்டன்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் கிட்ட வரவில்லை.